கரி ஆறிப்போச்சு, பில் மட்டும் சூடு!

வாசகர் கேள்வி – பதில்

மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சியைச் சுட்டுச் சாப்பிடும் கொரியன் பார்பிக்யூ உணவகங்களில் காசைக் கொடுத்துவிட்டு மனக்குறையோடு திரும்பியவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான்கு பேர் போனோம். சர்வர் இறைச்சியை அடுப்பின் மேலுள்ள சுடும் தட்டில் பரப்பிவிட்டுப் போனவர்தான், பிறகு ஆளையே காணோம். மூன்றாவது சுற்றுக்குள் தட்டு முழுக்கக் கருகி, வைத்ததெல்லாம் கசந்தது. கேட்டதற்கு, “நீங்கள்தான் கவனித்துச் சுட வேண்டும்” என்றார்கள். தப்பு யார் மேல்?

பதில்: சுடுவது யார் வேலை என்பதில் கடைக்குக் கடை வழக்கம் மாறும். கொரியாவிலேயே இரண்டும் உண்டு. சில இடங்களில் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை பணியாளரே புரட்டி, கத்தரித்துத் தருவார். சில இடங்களில் இடுக்கியையும் கத்தரிக்கோலையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் உட்கார்ந்ததுமே, “நீங்கள் சுட்டுத் தருவீர்களா, நாங்களே சுட வேண்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். ஆனால் யார் சுட்டாலும், கருகிய தட்டை மாற்றித் தருவது கடையின் வேலை. அதில் அவர்கள் உங்கள் மேல் பழி போட முடியாது.

தட்டு கருகக் காரணம் பெரும்பாலும் ஊறவைத்த இறைச்சிதான். கல்பி (விலா இறைச்சி), புல்கோகி (மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி) ஆகியவற்றின் ஊறலில் சோயா சாஸ், சர்க்கரை, பேரிக்காய்ச் சாறு எல்லாம் இருக்கும். சர்க்கரை முதலில் பொன்னிறமாகும், அடுத்த நிமிடமே கறுத்துத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரிப் படலத்தின் மேல் வைக்கிற புதுத் துண்டு, உள்ளே வேகும் முன்பே கசப்பை வாங்கிக்கொள்ளும். ஊறவைக்காத பன்றி வயிற்றிறைச்சி, அதாவது சம்கியப்சல் என்றால் ஒரு தட்டு இரண்டு சுற்று தாங்கும். ஊறல் போட்டதற்குச் சுற்றுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் ஊறல் இல்லாததைச் சுட்டு முடித்துவிட்டு, இனிப்பு ஊறல் போட்டதைக் கடைசியில் வையுங்கள். விவரமான சர்வர் ஆர்டர் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவார். சொல்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டினால், சேவை எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தட்டில் மூன்றில் ஒரு பங்கு கறுத்ததுமே மாற்றச் சொல்லுங்கள், அடுத்த சுற்றை வைத்த பிறகு அல்ல. மாற்றும் ஆள் வரும்வரை வெந்ததை எல்லாம் ஒரு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, கேஸ் அடுப்பாக இருந்தால் தணித்துவிடுங்கள். ஆத்திரத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கொழுப்பு முகத்தில் தெறிக்கும், வார்ப்பிரும்புத் தட்டு விரிசல் விடவும் கூடும்.

இன்னொன்று. கொரியக் கடைகளில் மேசையில் அழைப்பு மணி இருக்கும். இல்லாவிட்டால் “யோகியோ!” என்று குரல் கொடுத்துக் கூப்பிடுவார்கள். அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, யாராவது நம்மைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் தட்டுதான் கருகும். மணி அடித்தும் குரல் கொடுத்தும் இரண்டு மூன்று தடவை யாரும் வரவில்லை என்றால், குறை முழுக்க அவர்களுடையது.

கேள்வி: கரி அடுப்பு என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். இறைச்சியோ தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துக் கிடந்தது. ஒரு துண்டு கூடச் சிவக்கவில்லை.

பதில்: அடுப்பைக் கொண்டுவரும்போதே கரியைப் பாருங்கள். உள்ளே சிவந்து, மேலே சாம்பல் பூத்திருக்க வேண்டும். கறுப்புக் கட்டிகள் பாதிக்கு மேல் தெரிந்தால், கூட்ட நேரத்தில் அவசர அவசரமாக அள்ளிப் போட்டது என்று பொருள். அது சூடும் தராது, புகையும் கக்கும். “முழுதாகப் பிடித்த கரி கொடுங்கள்” என்று அப்போதே திருப்பி அனுப்புவதில் தவறில்லை.

தட்டுக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். ஐந்தாறு நொடி நிம்மதியாகப் பிடிக்க முடிந்தால் சூடு போதாது. முதல் துண்டை வைக்கும்போது சத்தமாகச் ‘சுர்ர்’ என்று வர வேண்டும். சத்தம் வரவில்லையா, அந்தத் துண்டை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். சூடு சரியாக இருந்தும் தண்ணீர் விட்டால், ஒன்று தட்டை அடைத்துப் பரப்பியிருப்பீர்கள், இல்லையென்றால் இறைச்சி உறைந்த நிலையிலேயே வந்திருக்கும். துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். விளிம்பில் பனித்துகள் மினுங்கினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சதோல்பாகி மாதிரித் தாள் போலச் சீவிய மாட்டிறைச்சிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதை உறைய வைத்துத்தான் சீவுகிறார்கள். சில நொடியில் வெந்துவிடும் என்பதால் பெரிய பாதகமில்லை.

கேள்வி: புகை தாங்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் தலைவலியே வந்துவிட்டது.

பதில்: இதைச் சேவைக் குறை என்று மட்டும் பார்க்காதீர்கள். கரி எரியும் மூடிய அறையில் காற்றோட்டம் சரியில்லாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே மேசையில் ஒருவருக்கு மேல் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வந்தால் பில்லைப் பற்றி யோசிக்காமல் எல்லோரும் எழுந்து வெளிக்காற்றுக்குப் போங்கள். கடைக்காரரிடம் சொல்லி மற்ற மேசைக்காரர்களையும் எழுப்பச் சொல்லுங்கள். வெளியே வந்தும் சரியாகவில்லை என்றால் மருத்துவமனைதான்.

வெறும் புகைத் தொல்லை என்றால், மேசைக்கு மேலே தொங்கும் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். இழுத்தால் நீளும் வகை அது. அடுப்புக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம் வரை இறக்க வேண்டும். முந்தைய வாடிக்கையாளர் மேலே தள்ளிவிட்டுப் போயிருப்பார், சர்வரும் கவனித்திருக்க மாட்டார். குழாயின் வாயருகே ஒரு காகிதக் கைக்குட்டையைப் பிடியுங்கள். உள்ளே இழுபடவில்லை என்றால் விசிறி ஓடவில்லை, அல்லது வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறது. வேறு மேசை கேளுங்கள்.

கேள்வி: மெனுவில் 200 கிராம் என்று இருந்தது. சுட்டபின் பார்த்தால் ஒரு கைப்பிடி. அதிலும் பாதி கொழுப்பு. ஏமாற்றுகிறார்களா?

பதில்: மெனுவில் உள்ளது பச்சை எடை. வயிற்றிறைச்சி சுடும்போது கொழுப்பும் நீரும் வடிந்து கால் பங்குக்கு மேலேயே குறையும். கல்பியில் எலும்பும் எடையில் சேர்த்திதான். ஆகவே கைப்பிடியாகிப் போனதை வைத்து மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

கொழுப்பு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. தென் கொரியாவிலேயே இது பெரிய சண்டை. 2024ல் ஜேஜு தீவில் ஓர் உணவகம் பரிமாறிய, ஏறக்குறைய கொழுப்பு மட்டுமே இருந்த சம்கியப்சலின் படம் பரவி நாடே பேசியது. அந்த நாட்டு வேளாண் அமைச்சகத்தின் தர வழிகாட்டி, சிறு பொட்டலமாக விற்கும் சம்கியப்சலில் மேற்கொழுப்பு 1 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அது உணவகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை என்றாலும், உங்கள் கண்ணுக்கு ஓர் அளவுகோலாக உதவும். எடைக்கு அங்கே தெளிவான விதியே உண்டு. 2013 முதல் உணவகங்கள் இறைச்சி விலையை 100 கிராம் கணக்கில் காட்ட வேண்டும். “ஒரு ஆள் அளவு” என்பது ஒரு கடையில் 150 கிராம், பக்கத்துக் கடையில் 200 கிராம் என்று இருப்பதால், 100 கிராம் விலையை ஒப்பிட்டால்தான் எது மலிவு என்று புரியும்.

இறைச்சித் தட்டு மேசைக்கு வந்ததும், நெருப்பில் வைக்கும் முன் துண்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாற்றித் தரச் சொல்லுங்கள். எடையில் சந்தேகமா, தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுட்ட பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: அளவில்லாமல் சாப்பிடலாம் என்று போனோம். 90 நிமிடம்தான் நேரம். இறைச்சி வரவே அரை மணி நேரம். மிச்சம் வைத்ததற்கு அபராதம் வேறு!

பதில்: இந்த வகைக் கடைகளின் லாபமே கடிகாரத்தில்தான் இருக்கிறது. சோறு, ஜப்சே நூடுல்ஸ், பொரித்த மாவுப் பண்டங்கள் நொடியில் வரும், இறைச்சி நடந்து வரும். திட்டமிட்டுத்தான் செய்கிறார்களா, ஆள் பற்றாக்குறையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வயிறு நிறைவது என்னவோ ஒரே மாதிரிதான்.

உட்காரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நேரம் எப்போது தொடங்குகிறது, உட்கார்ந்ததிலிருந்தா முதல் தட்டு வந்ததிலிருந்தா? கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு? அபராதம் எடைக்கா, தலைக்கா? முதல் சுற்றில் மெல்லிய துண்டுகளைக் கேளுங்கள், சீக்கிரம் வேகும். தடித்த துண்டுகள் சிவக்கும் நேரத்தில் அடுத்த சுற்றைச் சொல்லிவிடுங்கள். தட்டு காலியாகும்வரை காத்திருந்தால் நேரம் வீணாகும். ஆர்டர் சொன்ன நேரத்தைச் செல்போனில் குறித்துக்கொண்டு, 20 நிமிடம் தாண்டியதும் மேனேஜரிடம், “இவ்வளவு தாமதம், அந்த நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அப்போது கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். 85ஆவது நிமிடத்தில் கேட்டால் வெளியே அடுத்த கூட்டம் நிற்கும். கேட்காத இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தால் உடனே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: தனியாகப் போனேன். இரண்டு ஆள் அளவு வாங்கினால்தான் அடுப்பு பற்றவைப்போம் என்றார்கள். அவமானமாக இருந்தது.

பதில்: அவமானப்பட வேண்டாம், கொரியாவிலும் இதே வழக்கம்தான். ஒருவருக்கும் அதே கரி, அதே மேசை, அதே அளவு தொடுகறிகள். ஆனால் அந்த விதி வாசலிலோ மெனுவிலோ இருக்க வேண்டும். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்த பிறகு சொன்னது பிழை.

கேள்வி: கிம்ச்சி (புளிக்கவைத்த காரமான முட்டைக்கோஸ்) இரண்டாம் தடவை கேட்டதற்குத் தனிக் காசு போட்டுவிட்டார்கள்.

பதில்: பாஞ்சான் எனப்படும் தொடுகறிகளைக் கேட்கக் கேட்க இலவசமாகத் தருவது கொரிய வழக்கம். மற்ற நாடுகளில் கடைக்காரர் விருப்பம். முன்கூட்டிச் சொல்லாமல் பில்லில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: கிண்ணத்தில் கடித்த இலையோ, வேறு சாஸின் தடமோ தெரிந்தால் தொடாதீர்கள். பிறர் மிச்சம் வைத்ததைத் திரும்பப் பரிமாறுவதைத் தென் கொரியா 2009லேயே சட்டப்படி தடை செய்துவிட்டது.

கேள்வி: பச்சை இறைச்சியைப் புரட்டிய இடுக்கியாலேயே வெந்ததையும் எடுத்துத் தட்டில் வைத்தார் சர்வர். உள்ளே சிவப்பாக இருந்த பன்றி இறைச்சியை “சாப்பிடலாம்” என்றார். வீட்டில் ஒருவருக்கு இறால் ஒவ்வாமை வேறு.

பதில்: பச்சைக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு ஓர் இடுக்கி. கேட்டால் தராத கடையில் சாப்பிட வேண்டாம். முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63 டிகிரி செல்சியஸ், பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது. கோழிக்கு 74. கொரிய உணவுப் பாதுகாப்பு அமைச்சகம் இறைச்சியின் நடுவே 75 டிகிரி, ஒரு நிமிடம் என்கிறது. மேசையில் வெப்பமானி வைத்துக்கொண்டா சாப்பிட முடியும்? மிகத் தடித்த துண்டைக் குறுக்கே கத்தரித்துப் பாருங்கள். நடுவில் சிவப்பு இருந்தால் திரும்ப நெருப்பில் வையுங்கள். சர்வர் சொன்னதற்காக விழுங்க வேண்டாம்.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை, அபாயம் இறைச்சியில் இருப்பதைவிடக் கிண்ணங்களில் அதிகம். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலும் மீன் சாறும் சேரும். இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்ஜாங் விழுதில் சோயா நிச்சயம், கோதுமையும் இருக்கலாம். தென்ஜாங் சிகே என்ற சோயா விழுதுக் குழம்புக்கு நெத்திலிச் சாறு எடுப்பார்கள். சர்வர் “எதுவும் இல்லை” என்று உடனே தலையாட்டினால் நம்பாதீர்கள், சமையலறையில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து பில் வந்த பிறகுதான் கோபம் வருகிறது. எப்படிப் புகார் சொல்வது?

பதில்: கோபத்தைப் பத்து நிமிடம் முன்னாலேயே வரவழையுங்கள்! “சேவை மோசம்” என்றால் மன்னிப்புதான் கிடைக்கும். “இரண்டாவது கல்பி 7:40க்குக் கேட்டது, 8:15க்கு வந்தது. தட்டு ஒரு தடவையும் மாற்றவில்லை. அந்தக் கல்பியைப் பில்லிலிருந்து எடுங்கள்” என்றால் மேனேஜருக்கு முடிவெடுக்க ஏதோ இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் தனி வரியாக இருந்தால், அதை நீக்கித் தரும்படி கேட்பதும் முறைதான். சாப்பிட்டு முடித்த இறைச்சிக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பது எடுபடாது.

தென் கொரியாவில் இருக்கும் வாசகர்களுக்கு: சுற்றுலாப் பயணி என்றால் 1330க்கு அழைத்தால் ஆங்கிலத்திலேயே பேசலாம். நுகர்வோர் ஆலோசனைக்கு 1372, உணவுச் சுகாதாரப் புகாருக்கு 1399. இணையத்தில் விமர்சனம் எழுதுவதில் கவனம் தேவை. அங்கே உண்மையைச் சொன்னாலும், பொது நலனுக்காக என்று காட்ட முடியாவிட்டால் அவதூறு வழக்கு வரலாம். நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள், கடைக்காரரைத் திட்டி எழுதாதீர்கள்.

கேள்வி: புது மேலங்கி முழுக்கப் புகை வாடை, எண்ணெய்த் துளிகள். ஏப்ரன் கூடத் தரவில்லை.

பதில்: கேட்டிருந்தால் தந்திருப்பார்கள், பெரும்பாலான கடைகளில் உண்டு. பல கடைகளில் நீங்கள் உட்காரும் உருளை முக்காலியின் மூடியே கழன்று வரும், உள்ளே வெற்றிடம். மேலங்கியையும் பையையும் அதற்குள் போட்டு மூடி, மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இதைச் சொல்ல சர்வருக்கு ஐந்து நொடி கூட ஆகாது. சொல்லாதது அவர் குறைதான்.