இடது பக்கம் திரும்ப, வலது பக்கம் ஒடிக்கணுமா?

கேள்வி: பள்ளத்தூரில் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய பைக் இரண்டு வருஷமாக வீட்டு முகப்பில் சும்மா நிற்கிறது. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். பைக்கில் நேராகப் போய்விடுகிறேன், திருப்பம் வந்தால் ஹேண்டில்பார் என் பேச்சைக் கேட்பதில்லை, பயத்தில் காலை ஊன்றிவிடுகிறேன். இடது பக்கம் போக வலது பக்கம் ஒடிக்க வேண்டும் என்று கொழுந்தனார் ஒரு வீடியோவைக் காட்டுகிறார். அது சரியா? எட்டுப் போடாமலேயே லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொழுந்தனார் சொல்வது பொய்யில்லை. ஆனால் இப்போது உங்களுக்கு அது வேண்டாம்.

பைக் மெதுவாகப் போகும்போது, அதாவது ஆள் ஓடும் வேகத்துக்குள், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம்தான் ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கணக்கு மாறுகிறது. அப்போது வண்டி சாய்ந்துதான் திரும்பும். இடது கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்தினால் முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்கும், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே போய்விடும். கொழுந்தனார் பார்த்த வீடியோ இதைத்தான் சொல்கிறது. ஒடிப்பது அல்ல, அழுத்துவது. சைக்கிளில் வேகமாகப் போகும்போது இதை நீங்கள் தெரியாமலே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அதை யோசித்துக்கொண்டே பத்து கிலோமீட்டர் வேகத்தில் வலது பக்கம் ஒடித்தால் வண்டி வலது பக்கத் திண்ணையில்தான் போய் முட்டும்.

அதற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள். இரண்டு வருஷம் நின்ற பைக்கின் முன் டயரில் காற்று இருக்காது. காற்றுக் குறைந்தால் ஹேண்டில்பார் உரல் மாதிரி கனக்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்வீர்கள். டயர் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் தரையை விட்டு எழும். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். தடையில்லாமல் இரண்டு பக்கமும் போக வேண்டும். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. அப்படிப்பட்ட வண்டியில் மெதுவாகத் திரும்ப எனக்கே வராது. கோன் செட் என்பது சின்ன வேலை. அதற்கு, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொன்னால், கழற்றி, வளைந்திருப்பதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பட்டறைக்கு உருட்டிப் போங்கள். பெண்கள் தனியாக வண்டியைக் கொண்டுபோனால் பில் வளர்வதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வண்டி சரி என்றால், மெதுவாகத் திரும்புவதில் கைக்கு வேலை குறைவு. முதல் கியர், கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்த நிலை, வலது காலில் பின் பிரேக் லேசாக. இந்த மூன்றும் வண்டியை நிமிர்த்தி வைக்கும். நீங்கள் காலை ஊன்றுவதற்குக் காரணம், திருப்பத்தில் பயந்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிடுவது. வண்டி துவண்டு சாய்கிறது. சாய்கிற மாதிரி இருந்தால் கிளட்சை இன்னும் கொஞ்சம் விடுங்கள், நிமிரும். ஹேண்டில்பார் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. நம் பக்கத்துச் செம்மண் சரளையில் அது நிச்சயமாகக் கீழே போடும். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

பயிற்சிக்குக் கெட்டியான பொட்டல் பாருங்கள், உதிரிச் சரளை வேண்டாம். உங்கள் ஊர்த் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை, வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. அதனால்தான் உங்களுக்கு நேராகப் போக வந்தது, திரும்ப வரவில்லை. முக்கில் இரண்டு பக்கமும் உயரமான மதில். வருவது ஆடா, ஆட்டோவா என்று தெரியாது. முக்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடது ஓரமாகவே திரும்புங்கள்.

பொதுத்தெருவில் இறங்க எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கட்டாயம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்து முப்பது நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவதாக இருந்தாலும் கூடாது, அரிசி மூட்டையோடு மாமியாரும் கூடாது. ஒரே ஒரு விலக்கு: லைசென்ஸ் உள்ளவர், கற்றுக்கொடுப்பதற்காக உட்காரலாம். கொழுந்தனாரிடம் கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் அவர் உட்காரலாம். அவரிடமும் எல்.எல்.ஆர். மட்டும்தான் என்றால் உட்காரக் கூடாது. லைசென்ஸ் இருந்தும், கற்றுக்கொடுக்காமல் காரைக்குடி செக்காலை ரோட்டுக்குச் சாமான் வாங்கக் கூட வருகிறார் என்றால் அதுவும் கூடாது. விதி இன்னும் ஒன்று சொல்கிறது: கற்றுக்கொடுப்பவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார வேண்டுமாம். பைக்கில் பின்னால் இருப்பவருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது? 1989-இல் எழுதிய விதி, காரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், இன்றுவரை யாரும் திருத்தவில்லை. என் யோசனை: ஆரம்பத்தில் அவர் பக்கத்தில் நடந்து வரட்டும். பின்னால் ஆள் ஏறினால் பாரம் பின்பக்கம் போய், ஹேண்டில்பார் இன்னும் ஆடும்.

இனி அந்த எட்டுப் போடாத லைசென்ஸ். கொடுக்காதீர்கள். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய், அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே கட்டலாம், விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது. ப்ரோக்கர் வாங்குவது உங்கள் பயத்துக்கான விலை. அதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. டெஸ்ட்டுக்கு ஸ்கூட்டர் கொண்டுவாருங்கள், சுலபமாக எட்டுப் போட்டுவிடலாம் என்பார்கள். லைசென்ஸும் வந்துவிடும், ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு கணவரின் பைக்கை ஓட்டினால், சட்டத்தின் கண்ணில் உங்களிடம் லைசென்ஸே இல்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். கையெழுத்துப் போடும் முன் விண்ணப்பத்தில் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்று இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள்.

எட்டும் ஒன்றும் பிரமாதமான பரீட்சை இல்லை. மெதுவாகத் திரும்பத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அவசரத்துக்கு பிரேக் பிடிக்கத் தெரியுமா, திருச்சி - ராமேஸ்வரம் சாலையில் பஸ் முந்தும்போது நேராக நிற்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் உங்களுக்கு வராதது எதுவோ அதைத்தான் எட்டு கேட்கிறது. பாதி கிளட்சும் பின் பிரேக்கும் பழகிவிட்டால் பொட்டலில் இரண்டு கல்லை வைத்துச் சுற்றிப் பாருங்கள். இடது வளைவு சீக்கிரம் வரும். வலது வளைவில் ஆக்சிலரேட்டர் பிடித்த கையே உடம்பை நோக்கி வருவதால் மணிக்கட்டு தானாக முறுக்கும், வண்டி துள்ளும். முழங்கையை மடக்கித் தளர்வாக வைத்தால் சரியாகிவிடும்.

பைக் கணவர் பெயரில் இருப்பதில் தடையில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் நின்ற வண்டி என்கிறீர்கள், இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் முடிந்திருக்கலாம். தெருவில் இறக்கும் முன் பார்த்து, முடிந்ததைப் புதுப்பித்துவிடுங்கள்.