ஆர்.வி. எனும், வீட்டு வசதியுள்ள பயண வண்டியின் புரொப்பேன் எரிவாயுத் தொட்டியிலிருந்தே சின்ன ஜெனரேட்டரை ஓட்ட முடியுமா?

முடியும், ஜெனரேட்டர் பெட்ரோலிலும் புரொப்பேனிலும் ஓடும் 'டூயல் ஃபியூயல்' வகையாக இருந்தால்.

பலர் மாட்டிக்கொள்வது ரெகுலேட்டரில்தான். ஆர்.வி.யில் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ரெகுலேட்டர் அழுத்தத்தை 11 அங்குல உயர நீர் தரும் அழுத்த அளவுக்கு, அதாவது அரை பி.எஸ்.ஐ.க்கும் கீழே குறைத்துவிடும். கிரில் அடுப்பு மாட்ட வெளியே இருக்கும், சட்டென மாட்டிக் கழற்றும் குவிக்-கனெக்ட் இணைப்பில் பெரும்பாலும் வருவது இந்த அழுத்தம்தான். ஜெனரேட்டரோடு தரும் குழாயிலும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. அது நேரடியாகச் சிலிண்டரில் மாட்டுவதற்கு. இரண்டும் சேர்ந்தால் எரிவாயு போதாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஏசி கம்ப்ரசர் கிளம்பியதும் திணறி நின்றுவிடும்.

அதனால் குவிக்-கனெக்டில் ரெகுலேட்டர் இல்லாத குழாயைப் போடுங்கள். ஜெனரேட்டர் இந்த அழுத்தத்தை ஏற்குமா என்று கையேட்டில் முதலில் பார்த்துவிடுங்கள். குழாய் நீளமானால் அழுத்தம் விழும். 3/8 அங்குலமோ அதற்கு மேலோ உள்விட்டம் வேண்டும். அதற்காக ஜெனரேட்டரை வண்டியருகே இழுக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு முறை மாட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வை மூடிவிடுங்கள்.