அறுவடை வந்தால் மகனுக்கு இளைப்பு ஏன்?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு விடிந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, தை, மாசியில் சம்பா அறுவடை தொடங்கினால் இரவில் வீசிங்கும் வந்துவிடுகிறது. ஒவ்வாமைப் பரிசோதனை செய்தால் காரணம் தெரிந்துவிடுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஓரளவுக்குத் தெரியும். ஒவ்வாமைப் பொருளின் சாற்றுத் துளியைத் தோலில் வைத்து லேசாகக் குத்தும்போது, 15 முதல் 20 நிமிடங்களில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு எழுந்தால், உடல் அப்பொருளுக்கு எதிராக விழித்திருக்கிறது என்று பொருளே தவிர, இளைப்புக்கு அதுவே காரணம் என்று முடிவாகாது. தொல்லை எங்கே, எப்போது வருகிறது என்பதோடு பொருத்திப் பார்த்தே மருத்துவர் தீர்மானிப்பார். செட்டிரிசின் போன்ற தும்மல் மருந்துகளை அவர் சொல்லும் நாள்களுக்கு முன்பே நிறுத்தாவிட்டால் தடிப்பே எழாமல் போகலாம்.

விடியற்காலைத் தும்மல் என்றதும் என் சந்தேகம் முதலில் படுக்கையின் மேல்தான். டெல்டாவின் ஈரக் காற்றில், கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணிகள் பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் செழித்து வளரும். உறைகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். அறுவடையின்போதோ நெல் தூசியுடன், ஈர வைக்கோலில் வளரும் பூஞ்சையின் நுண்வித்துகளும் காற்றில் கலக்கின்றன. ஆகவே களத்திலும் வைக்கோற்போர் அருகிலும் அவனை விளையாட விடாதீர்கள்.

மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதை என்பதால், மூக்கைக் கவனியாமல் விட்டால் ஆஸ்துமாவும் கட்டுக்குள் வராது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில் பெற்றோர் அதைப் பாதியில் நிறுத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தடுப்பு இன்ஹேலர் அடிமையாக்காது, மருத்துவர் சொன்னபடி ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குடுவை) வைத்துத் தவறாமல் கொடுங்கள். பேசமுடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கையில் விலா இடுக்குகள் உள்வாங்கினாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.