கூச்சல் தலைப்பிலிருந்தே தொடங்குகிறது

நாத்திக மாணவர்களும் பக்தி மாணவர்களும் சேர்ந்து நடத்திய விவாதம் கேள்வி நேரத்தில் கூச்சலாகிவிட்டது, அடுத்ததை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் தலைப்பை மாற்றுங்கள். 'கடவுளும் மதமும் தேவையா?' என்றால் கடவுள் உண்டா, மதத்தால் நன்மையா, நம்பிக்கை மனதுக்கு ஆறுதலா என்று மூன்று கேள்விகள் கலந்துவிடுகின்றன. ஒருவர் தர்க்கம் பேச, மற்றவர் மதக் கலவரம் பேசுவார். ஒன்றை மட்டும் வையுங்கள்: 'உலகில் உள்ள துன்பம் கடவுள் நம்பிக்கைக்கு எதிரான சான்றா?'

இதில் நாத்திகர் தரப்பு வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று உண்டு. துன்பமும் எல்லாம் வல்ல நல்ல கடவுளும் சேர்ந்து இருக்கவே முடியாது என்று 1955இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி வாதிட்டார். மனிதனின் சுதந்திரத் தேர்வைக் காட்டி 1974இல் அமெரிக்கக் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா அதற்குப் பதில் சொன்னார். பதில் வலுவானது என்பதைப் பல நாத்திகத் தத்துவவாதிகளே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே 1979இல் அமெரிக்க நாத்திகத் தத்துவவாதி வில்லியம் ரோ வைத்த வடிவத்தை எடுக்கச் சொல்லுங்கள்: காட்டுத்தீயில் யாரும் அறியாமல் வெந்து சாகும் மான்குட்டி. முரண்பாடு என்று சொல்லாமல், கடவுள் இருக்கும் வாய்ப்பைக் குறைக்கும் சான்று என்கிறது இது. மறுதரப்பும் இதற்கென்றே தயாராகி வரட்டும்.

தரப்புக்கு இருவர், முதல் உரை 10 நிமிடம், மறுப்பு 5. மறுப்பைத் தொடங்குமுன் எதிராளியின் வாதத்தை அவரே 'ஆமாம், அதுதான்' என்று ஏற்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

கேள்விகள் சீட்டில் வரட்டும். மைக்கைக் கூட்டத்துக்குள் விட்டால் கேள்வி பிரசங்கமாகிவிடும். யாருடைய சாதியையும் குடும்பத்தையும் தொடும் சீட்டை நடுவர் படிக்கவே கூடாது.