பெங்களூருவில் ஹெப்பாள் – சில்க் போர்டு சுரங்கச் சாலை வந்தால் மேலே பூங்கா கிடைக்குமா?

கிடைக்காது. திட்டமிடப்பட்டிருப்பது இயந்திரத்தால் ஆழத்தில் குடையும் சுரங்கம். மேலே இருக்கும் சாலையும் கட்டடங்களும் அப்படியே இருக்கும். பாஸ்டனில் நடந்தது வேறு: மேம்பாலச் சாலையை இடித்து, போக்குவரத்தைக் கீழே இறக்கி, காலியான நிலத்தில் சுமார் 2.4 கி.மீ. நீளத்துக்குப் பூங்கா அமைத்து 2008-ல் திறந்தார்கள். மாட்ரிடும் எம்-30 சாலையைப் புதைத்து ஆற்றங்கரையை மீட்டது.

இப்படிப் புதைத்த சாலைக்கு மேலே பூங்கா வேண்டுமென்றால், அதன் கூரைத் தளத்தை வடிவமைக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். நனைந்த மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2 டன். மண்ணின் ஆழம் புல்லுக்கு 30 செ.மீ., செடிகளுக்கு 60, மரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். நெடுஞ்சாலைக்கு மேல் கட்டிய டல்லஸின் கிளைட் வாரன் பூங்காவில் உத்தரங்களுக்கு நடுவே பள்ளம் விட்டு அதில் மரம் வைத்தார்கள். மற்ற இடத்தில் எடை குறைய நுரைக் கட்டிகள். கப்பன் பூங்கா தூங்குமூஞ்சி மரத்தை இங்கே மறந்துவிடுங்கள், மந்தாரை போன்ற சிறு மரம் போதும்.

அடுக்குகள் கீழிருந்து மேல்: கான்கிரீட் தளம், நீர்காப்புப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் பலகை, வடிதுணி (மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் துணி), மண். தளத்துக்கு 1–2 சதவீதச் சரிவு அவசியம். மண் கொட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிக் கசிகிறதா என்று பார்க்கணும். இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு கசிந்தால் ஓட்டை எங்கே என்று தெரியாது, சொட்டும் இடமும் ஓட்டையும் பல மீட்டர் தள்ளியிருக்கும். நம்ம ஊர்ச் செம்மண்ணை அப்படியே கொட்டினாலும் வம்புதான்: நுண்களி வடிதுணியை அடைக்கும், நீர் தேங்கும், வேர் அழுகும். மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்தே போடுங்கள்.