பேய்ப்படம் ஓடும்போது எதைப் பின்னுவது?

வணக்கம்.

அக்டோபர் மாதம் முழுவதும் இரவுக்கு ஒரு பேய்ப்படம் பார்ப்பது, பார்த்துக்கொண்டே ஹாலோவீன் நாளுக்குள் ஏதேனும் ஒன்றைப் பின்னி முடிப்பது என்று நானும் என் தங்கையும் முடிவு செய்தோம். அவள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குல்லாயைத் தொடங்கினாள். நான் கறுப்பு நூலில் சிலந்தி வலைச் சால்வையை எடுத்தேன். மூன்றாம் இரவில் கண்ணிகளின், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களின், கணக்குத் தவறியது. எந்த இடத்தில் தவறியது என்று தெரியாமல் முழுவதையும் பிரித்துவிட்டேன். தங்கையின் குல்லாயோ அவள் தலையிலேயே நுழையவில்லை. படம் பார்த்துக்கொண்டு பின்னுவதே தவறா, அல்லது நாங்கள் எடுத்த வேலைகள் தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தவறு நீங்கள் எடுத்த வேலைகளில்தான் இருக்கிறது. படங்களுள் பேய்ப்படமே பின்னுபவருக்கு மிகவும் ஒத்துவருவது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதில் அச்சம் பெரும்பாலும் காது வழியாகவே வந்து சேர்கிறது. 1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். வயலின்கள் கீச்சிடும்படி பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த இசையைக் கேட்ட பிறகே மனம் மாறினார். அந்த நேரத்தில் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் உடல் சிலிர்க்கும். ஆனால் 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ போன்ற மௌனப் படங்களும், வசனத்தைத் திரையின் அடியில் படித்தாக வேண்டிய வேற்றுமொழிப் படங்களும் கண்ணை முழுவதுமாகக் கேட்பவை. அவற்றுக்கு விரல்கள் தாமாகவே செய்துகொள்ளும் வேலை மட்டுமே பொருந்தும்.

உங்கள் தங்கையின் குல்லாய் ஏன் சிறுத்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கும் அதுவே நேர்ந்தது. பயந்தால் கை இறுகுகிறது, நூலை இழுத்துப் பிடிக்கிறோம், கண்ணி சிறிதாகிறது; பின்னும்போது இது நமக்குத் தெரிவதே இல்லை. 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் என்ற கணக்கில் 110 கண்ணிகள் ஏற்றினால் குல்லாயின் சுற்றளவு 50 செ.மீ. வர வேண்டும். கை இறுகி, அதே 10 செ.மீ.க்குள் 24 கண்ணிகள் அடங்கிவிட்டால் சுற்றளவு 46 செ.மீ. கூட வராது. இரண்டு கண்ணிகளின் வேறுபாட்டில் நான்கு செ.மீ. போய்விடுகிறது! நான் பின்னிய குல்லாயில் படத்தின் உச்சக்கட்டம் ஓடிய வரிசைகள் ஒரு விரல் அகலத்துக்கு இறுகிய பட்டையாகவே தெரிந்தன. ஆகவே உடலுக்குச் சரியான அளவில் பொருந்த வேண்டிய குல்லாய், கையுறை, காலுறை ஆகியவற்றைப் பேய்ப்படத்தின் முன் எடுக்காதீர்கள். குதிகால் திருப்பும் இடம் அமைதியான வேளையில்கூடக் கவனத்தைக் கேட்பது.

சிலந்தி வலைச் சால்வை அழகான வேலைதான். ஆனால் அதில் ஒவ்வொரு துளைக்கும் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி ஒரு கண்ணியைக் கூட்டி, வேறோரிடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னி அதைக் குறைக்க வேண்டும். திரையில் கதவு திறக்கும்போது ஒரே ஒரு சுற்று விட்டுப்போனாலும் அடுத்த வரிசைகள் எல்லாம் இடம் மாறிவிடும். அதுவும் கறுப்பு நூலில், விளக்கணைத்த அறையில் என்றால் பிழையைக் கண்ணால் தேடவே முடியாது. சால்வையைப் பகலில் பின்னுங்கள். பத்து வரிசைகளுக்கு ஒருமுறை, தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து, பின்னல் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் அதை ஓட்டிவிடுங்கள். பிழை நேர்ந்தால் அந்தக் காப்பு நூல் வரைதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

இரவு வேலைக்கு நான் சொல்வது பூசணிக்காய். எல்லா வரிசைகளையும் ‘நிட்’ என்னும் அடிப்படைக் கண்ணியாலேயே பின்னும் கார்ட்டர் பின்னலில், ஆரஞ்சுக் கம்பளி நூலால் 30 கண்ணிகள் ஏற்றுங்கள். 15 செ.மீ. அகலம் வரும். நீளம் 30 செ.மீ. ஆகும் வரை பின்னி முடித்து, தொடக்க ஓரத்தையும் முடிவு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். அதன் ஒரு வாயில் நூலை ஓட்டிச் சுருக்கி இழுத்துக் கட்டி, பஞ்சை அடைத்து, மறு வாயையும் அவ்வாறே சுருக்குங்கள். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காக இருப்பதால் காய் உருண்டையாக வரும். பின்னலின் மேடுபள்ளங்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால் பூசணியின் வரிகள் தாமே அமைந்துவிடும் (எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்). அடியிலிருந்து உச்சிக்கு எட்டு முறை நூலை இழுத்துச் சுற்றினால் சுளைகள் இன்னும் புடைத்துத் தெரியும். கிட்டத்தட்ட 120 வரிசைகள், 3600 கண்ணிகள். நிமிடத்துக்கு 40 கண்ணிகள் பின்னுபவருக்கு இது 90 நிமிட வேலை, அதாவது ஒரு படம். கை இறுகினால் காய் சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். வெவ்வேறு அளவுகளில் ஐந்தாறு சேர்ந்து ஜன்னலோரத்தில் இருப்பது இன்னும் நன்றாகவே இருக்கும்.

பெரிய வேலைதான் வேண்டும் என்றால் அதே கார்ட்டர் பின்னலில், படத்துக்கு ஒரு நிறமாகப் பட்டை பட்டையாக நீளும் கழுத்துத் துண்டைத் தொடங்கலாம். மர ஊசியையும் சாதாரணக் கம்பளி நூலையும் எடுங்கள். உலோக ஊசியைப் போல மர ஊசி வழுக்காது. திடுக்கிட்டு ஒரு கண்ணி நழுவினாலும், கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அது வேகமாக அவிழ்ந்து கீழிறங்காது. படம் முடிந்ததும் கொக்கி முனை கொண்ட குரோஷா ஊசியால் மேலே ஏற்றிவிடலாம். பட்டு நூலிலும் பருத்தி நூலிலும் அந்த அவகாசம் கிடைக்காது.

பிரித்த கறுப்பு நூல் கம்பளியாக இருந்தால் சுருள் சுருளாக நிற்கும். அப்படியே திரும்பப் பின்னினால் கண்ணிகள் சீராக அமையா. நாற்காலியின் முதுகில் அதைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். முறுக்காமல் ஒரு துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துத் தொங்கவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நூல் நேராகிவிடும். அதுவரை ஆரஞ்சு நூலில் பூசணிக்காய்களைப் பின்னிக்கொண்டிருங்கள்.