காலிப்பர் நகர்கிறதா? நகரத்தான் வேண்டும்

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக். முன் இடது சக்கரத்தில் உள்பக்க பிரேக் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. "ஃப்ளோட்டிங் காலிப்பர் என்றால் இப்படித்தான். ஃபிக்ஸட் காலிப்பரும் ஃப்ளோட்டிங் டிஸ்க்கும் போட்டுவிடுங்கள்" என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்லும் செட்டின் விலையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உங்கள் காரில் கெட்டிருப்பது பெரும்பாலும் விரல் நீளப் பின் ஒன்றோ இரண்டோதான்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபக்கமும் பேடுகளால் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர். ஃப்ளோட்டிங் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. பெடலை மிதித்ததும் அது உள்பக்க பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பரே ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி வந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதுவும் நின்றுபோனால் மொத்த வேலையும் உள்பக்க பேடின் தலையில் விழும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து, அந்தப் பின் துருப்பிடித்து இறுகுவதுதான் வழக்கமான கதை.

சக்கரத்தைக் கழற்றியதும் பின்னைக் கையால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் குற்றவாளி அதுதான். பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் அதிகம் தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம். இரண்டுமே நன்றாக வழுக்கினால் பிஸ்டனைச் சந்தேகப்படுங்கள். அது திரும்பிப் போகாமல் சிக்கினாலும் உள்பக்கம்தான் தேயும்.

ஸ்லைடு பின், பூட் இரண்டையும் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். ஷெட்டில் திறந்து கிடக்கும் பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பவைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். சில கார்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். அது வந்த ஓட்டைக்கே திரும்பப் போக வேண்டும். பேடை இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றுங்கள். இரும்பு உரசிய டிஸ்க்கை அளந்து பார்க்கவும் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

சரி, ஃபிக்ஸட் காலிப்பர்? அது நகராது. இருபக்கமும் பிஸ்டன்கள் இருந்து இரண்டு பேடையும் நேராக அழுத்தும். பெடல் கெட்டியாக இருக்கும், அழுத்தமும் சீராகப் பரவும். போர்ஷே 911 போன்ற கார்களுக்குப் பொருத்தம். ஆனால் வெளிப்பக்கமும் பிஸ்டன் வருவதால் சிறிய சக்கரத்துக்குள் இடிக்கும். பிஸ்டன் அளவு மாறினால், பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு கணக்கு ஒத்துப்போகாது. முன்பின் பிரேக் சமநிலையும் குலையும். ஃப்ளோட்டிங் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 343 குதிரைத்திறன் கொண்ட பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரே முன்பக்கம் ஒற்றைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் காலிப்பரோடுதான் வந்தது.

ஃப்ளோட்டிங் டிஸ்க் வேறு சமாச்சாரம். பெயர் மட்டும்தான் ஒன்று. நடுவில் அலுமினியக் கிண்ணம், சுற்றிலும் இரும்பு வளையம், இரண்டையும் இணைக்கக் கொஞ்சம் இடைவெளி விட்ட பின்கள். 300 மில்லிமீட்டர் வளையம் 400 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். ஒரே வார்ப்பாக இருந்தால் நடுப்பகுதி அதைப் பிடித்து இழுக்கும், டிஸ்க் கூம்பு போலச் சாயும். இது ரேஸ் டிராக்கின் கவலை. ஊருக்குள் ஓட்டும் காரில் கடகடவென்று சத்தம்தான் மிச்சம்.

அப்புறம் ஒன்று: பேட் மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது.